அமெரிக்காவில் தொடர்பு விட்டுப்போன சொந்தக்காரரை அரசுப் பதிவுகளில் தேடுவது எப்படி? (டெக்சாஸ், காலின் கவுண்டி)

போன வருடம் பெரியப்பா தென்காசியிலிருந்து கூப்பிட்டார். "தாத்தா நிலத்துக்கு உங்க அத்தை பையன் கையெழுத்து இல்லாம பத்திரம் போட முடியாதுங்கறாங்க. நீதான அமெரிக்காவுல இருக்க, கண்டுபிடிடா." என்னிடம் இருந்தது பத்து வருடத்துக்கு முந்தைய ஓர் உறையும் அதில் பிளேனோ நகரத்து அபார்ட்மெண்ட் முகவரியும்தான். அந்த அபார்ட்மெண்ட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். போன் நம்பர் உயிரோடு இல்லை, ஃபேஸ்புக்கில் ஆள் இல்லை.

கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் இரண்டு நாளில் முடிய வேண்டிய வேலைக்கு இரண்டு மாதம் ஆனது, முக்கால்வாசி என் அவசரத்தால். ஆகவே இதை எழுதுகிறேன். டாலஸுக்கு வடக்கே இருக்கும் காலின் கவுண்டியை (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) வைத்துச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் 4,91,675 பேர் இருந்த இடம், 2020இல் 10,64,465. பிளேனோ, ஃபிரிஸ்கோ, மெக்கின்னி, ஆலன் எல்லாம் இதில்தான் வரும், நம் ஆட்களும் நிறைய. இவ்வளவு வேகமாக வளரும் இடத்தில் ஆள் வீடு மாறிக்கொண்டே இருப்பார். ஆனால் வீடு எங்கேயும் போகாது, அதன் காகிதமும் போகாது. எனவே ஆளைத் தேடாமல் வீட்டைத் தேடுவதுதான் இங்கே வழி. டெக்சாஸின் மற்ற கவுண்டிகளிலும் நடைமுறை ஏறக்குறைய இதுதான்.

1. கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள்

சிரிக்காதீர்கள், எனக்கு மூன்று வாரம் இதில்தான் போனது. இங்கே எல்லாப் பதிவும் குடும்பப் பெயரை முன்னால் வைத்துத்தான் ஓடும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? முருகேசன் மகன் கார்த்திகேயன் என்றால், ஒரு பதிவில் முருகேசன் குடும்பப் பெயராக இருப்பார், இன்னொன்றில் கார்த்திகேயனே குடும்பப் பெயராகி முருகேசன் நடுப்பெயராகத் தொங்குவார். மனைவியின் பெயருக்குப் பின்னால் மாமனார் பெயர் வராமல் கணவரின் சொந்தப் பெயர் வந்து நிற்கும். இன்னும் மோசம், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தவர்களுக்கு விசாவில் முதற்பெயர் இருக்கும் இடத்தில் "எஃப்என்யு" என்று அடித்துவிடுவார்கள், முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அது ஓட்டுநர் உரிமம், வீட்டுப் பத்திரம் வரைக்கும் கூடவே வரும். "கார்த்திகேயன் எஃப்என்யு" என்ற பெயரில் ஒரு வீட்டைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

எழுத்துக்கூட்டல் அதைவிடத் தலைவலி. ஷண்முகம் என்ற ஒரே பெயரை எஸ்-எச்-ஏ, எஸ்-எச்-யு, வெறும் எஸ்-ஏ என்று மூன்று விதமாக எழுதும் குடும்பங்கள் எனக்கே தெரியும். லட்சுமியில் கே-எஸ்-எச்சா, எக்ஸா? சுந்தரராஜனில் எத்தனை ஏ? ஊரில் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள். பதிவைத் தேடும் பெட்டிக்கு ஒன்றில்லை. பழைய பாஸ்போர்ட் நகல், கல்லூரி மார்க் ஷீட், கல்யாணப் பத்திரிகை, எது கிடைத்தாலும் வாட்ஸாப்பில் வாங்கி, அதில் உள்ள கூட்டலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

தாளில் இருக்க வேண்டியவை: பெயரின் எல்லா வடிவங்களும், அப்பா பெயர், மனைவி அல்லது கணவர் பெயர், பிறந்த வருடம், தெரிந்த பழைய முகவரிகள், கையெழுத்து இருக்கும் ஏதாவது ஒரு காகிதம். கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

2. முகவரியில் ஊர் பெயரைப் பார்த்துக் கவுண்டியை முடிவு செய்யாதீர்கள்

என் பெரிய முட்டாள்தனம் இதுதான். நான் இருப்பது ஆஸ்டின் பக்கம் ரவுண்ட் ராக். ஃபிரிஸ்கோவில் இருக்கிறார் என்று ஒரு பழைய நண்பர் சொன்னதும், ஃபிரிஸ்கோ என்றால் காலின், காலினின் தலைநகர் மெக்கின்னி என்று காரை எடுத்துக்கொண்டு மூன்றரை மணி நேரம் ஓட்டினேன். கவுண்டரில் இருந்த அம்மாள் பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டு, "ஃபிரிஸ்கோவில் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். எனக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே அப்போதுதான் தெரியும்.

ஃபிரிஸ்கோவின் மேற்குப் பகுதி டென்டன் கவுண்டி. ப்ராஸ்பர், செலைனா இரண்டும் அதேபோல் காலினுக்கும் டென்டனுக்கும் நடுவே கிடக்கின்றன. பிளேனோவின் மேற்கு ஓரத்தில் ஒரு துண்டு டென்டனில். ரிச்சர்ட்சன் டாலஸ் கவுண்டியிலும் காலினிலுமாகப் பிரிந்து கிடக்கிறது. வைலி மூன்று கவுண்டிகளில் கால் வைத்திருக்கிறது. தபால் எண்ணும் காப்பாற்றாது: 75034 என்ற எண் கவுண்டி எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆகவே இந்தப் பகுதியில் யாரைத் தேடினாலும் காலின், டென்டன் இரண்டிலும் தேடுங்கள். ஊர் தெற்கோரம் என்றால் டாலஸ் கவுண்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நேரில் போகவே வேண்டியதில்லை. கீழே சொல்லும் முதல் இரண்டு தேடலும் வீட்டிலிருந்தே, ராத்திரி பத்து மணிக்கு லுங்கியோடு செய்யலாம். பெட்ரோல் காசு எனக்குத்தான் தண்டம்.

3. முதலில் அப்ரைசல் மாவட்டம் (செலவு இல்லை)

ஒவ்வொரு கவுண்டியிலும் சொத்து வரிக்காக வீடுகளுக்கு மதிப்புப் போடும் அப்ரைசல் மாவட்டம் என்று ஒரு அமைப்பு உண்டு. இங்கே காலின் சென்ட்ரல் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட், அந்தப் பக்கம் டென்டனுடையது. நம்மூர் பட்டா சிட்டா பார்ப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்குத் திறக்க வேண்டாம், ஓடிபி வேண்டாம். உரிமையாளர் பெயர் கட்டத்தில் பெயரின் முதல் ஐந்தாறு எழுத்தை மட்டும் போடுங்கள். முழுப் பெயரையும் அடித்தால் ஒரு எழுத்து மாறினாலும் "எதுவும் இல்லை" என்று வரும், நீங்களும் ஆள் இந்த ஊரில் இல்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அப்புறம் கணவர், மனைவி, அப்பா பெயர் என்று ஒவ்வொன்றையும் குடும்பப் பெயராக வைத்துத் திரும்பத் தேடுங்கள்.

பதிவு கிடைத்தால் மூன்று விஷயம் பாருங்கள். வீட்டு முகவரியும் தபால் முகவரியும் ஒன்றா? வேறு வேறு என்றால் பெரும்பாலும் வாடகைக்கு விட்டிருக்கிறார், ஆள் தபால் முகவரியில் இருப்பார். ஹோம்ஸ்டெட் விலக்கு இருக்கிறதா? சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் கிடைக்கும் வரிச் சலுகை அது. கேட்கும்போது ஓட்டுநர் உரிமத்திலும் அதே முகவரி இருக்க வேண்டும், ஆகவே அந்தக் குறி இருந்தால் ஆள் அங்கேதான் குடியிருக்கிறார் என்று ஓரளவு நம்பலாம். மூன்றாவது, உரிமையாளர் பெயர் "இன்னார் ஃபேமிலி டிரஸ்ட்" என்றோ ஏதோ எல்எல்சி கம்பெனி என்றோ இருக்கிறதா? நம் ஆட்கள் வசதி வந்ததும் வீட்டை டிரஸ்ட்டில் வைப்பது இப்போது சகஜம், பெயர் அதற்குள் ஒளிந்திருக்கும்.

வளரும் ஊர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வரிப் பதிவு ஜனவரி 1 நிலவரப்படி போடப்படுவது. புது காலனிகளில் வீடு இன்னும் கட்டிய நிறுவனத்தின் பெயரிலேயே கிடக்கும். பத்திரம் பதிந்த பிறகும் இங்கே பெயர் மாறச் சில வாரங்கள் ஆகும். ஆகவே இங்கே இல்லை என்றால் வீடு வாங்கவில்லை என்று அர்த்தமில்லை, அடுத்த படிக்குப் போங்கள்.

போலீஸ்காரர், நீதிபதி போன்ற சிலர் தங்கள் வீட்டு முகவரியை இந்தப் பதிவில் மறைத்து வைக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்படி மறைத்திருந்தால் அது மறைத்ததுதான், அதைச் சுற்றி வழி தேடாதீர்கள்.

4. கவுண்டி கிளார்க்: பத்திரமும் கையெழுத்தும்

இதுதான் நம்மூர் சார்பதிவாளர் அலுவலகம். காலினில் மெக்கின்னியின் புளூம்டேல் சாலையில் இருக்கிறது, பெயர் அட்டவணையை இணையத்திலேயே தேடலாம்.

இங்கே எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. அட்டவணையில் கிராண்டர், கிராண்டீ என்று இரண்டு பத்தி இருக்கும், கொடுப்பவர், பெறுபவர். வீடு வாங்கியவர் கிராண்டீதானே என்று அந்தப் பத்தியில் மட்டும் தேடுவோம். ஆனால் அவரே வங்கிக் கடனுக்கு எழுதிக் கொடுக்கும் டீட் ஆஃப் டிரஸ்ட் என்ற அடமானப் பத்திரத்தில் அவர் கிராண்டர். வட்டி குறைந்த வருடங்களில் மறுகடன் வாங்கியவர்களுக்கு அப்படி இரண்டு மூன்று பத்திரம் இருக்கும், அவைதான் புதுத் தகவல். இரண்டு பத்தியிலும் தேடுங்கள்.

பத்திரத்தில் என்ன கிடைக்கும்? டெக்சாஸில் விற்பனைப் பத்திரம் பதியும்போது வாங்குபவரின் தபால் முகவரி எழுதப்பட வேண்டும், இல்லையென்றால் கூடுதல் கட்டணம் போடுவார்கள். கணவன் மனைவி பெயர் சேர்ந்து வரும். விற்ற விலை இருக்காது, இங்கே விலையை வெளியே சொல்லும் வழக்கமில்லை. கடன் தொகை இருக்கும். அதைப் பார்த்துப் பெரியப்பாவிடம் போய்ச் சொல்லாதீர்கள், நான் சொல்லிவிட்டேன், இன்றுவரை ஊரில் அதுதான் பேச்சு.

நகலுக்குப் பக்கத்துக்கு 1 டாலர். சான்றளித்த நகல் வேண்டுமென்றால் மேலே 5 டாலர். ஆளைத் தேடுவதற்குச் சான்றிதழ் எதற்கு, சாதா நகல் போதும். அடமானப் பத்திரம் பதினைந்து இருபது பக்கம் ஓடும். முழுவதும் வாங்காதீர்கள், முதல் பக்கமும் கையெழுத்துப் பக்கமும் போதும்.

என் விஷயம் முடிந்தது இங்கேதான். டென்டனில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள், அப்பா பெயரும் ஒன்றே, வயது தெரியாது. இரண்டு அடமானப் பத்திரத்தின் கையெழுத்துப் பக்கத்தையும் வாங்கினேன். ஒன்றில் ஆங்கிலத்தில் ஒரு கிறுக்கல். இன்னொன்றில், நோட்டரியின் வட்ட முத்திரைக்கு மேலே, வங்கி அச்சடித்த கோட்டின் மேல், தமிழில் கையெழுத்து. கடைசி "ன்" புள்ளியை மேலே வைக்காமல் ஒரு சின்னக் கோடாக இழுத்துவிட்டிருந்தார். அத்தை இறந்தபோது எனக்கு வந்த பழைய கடிதத்தின் அடியில் இருந்த அதே கோடு. கையெழுத்துள்ள காகிதம் ஒன்றைத் தேடி வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான்.

5. சொந்த வீடு இல்லாதவர் என்றால்

சிரமம்தான். வாடகை ஒப்பந்தங்களை எங்கேயும் பதிவதில்லை. அபார்ட்மெண்ட் அலுவலகத்தில் கேட்டால் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. அப்படியானால் ஓரங்களில் தேட வேண்டும்.

சொந்தமாகத் தொழில் செய்கிறார் என்றால் மாநில வரி, கணக்குகளைப் பார்க்கும் டெக்சாஸ் கம்ப்ட்ரோலர் தளத்தில் நிறுவனத் தேடல் இலவசம், பொறுப்பாளர்கள் பெயரும் முகவரியும் பல நேரம் கிடைக்கும். மாநிலச் செயலரின் எஸ்ஓஎஸ் டைரக்ட் என்ற தளத்தில் ஒரு தேடலுக்கு 1 டாலர். ஐடி கன்சல்டிங், கேட்டரிங், பரதநாட்டிய வகுப்பு என்று நம் ஆட்கள் சின்னதாக ஏதாவது பதிந்து வைத்திருப்பார்கள். கடைப் பெயரில் தொழில் நடத்துவதற்கான சான்று கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும், அது பத்து வருடம் வரை செல்லும்.

நீதிமன்றப் பதிவுகள் இரண்டு மூன்று இடத்தில் பிரிந்து கிடக்கின்றன. விவாகரத்து, பெரிய வழக்குகள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். உயில், இறந்தவர் சொத்து விவகாரம் கவுண்டி கிளார்க்கிடம். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கும் 20,000 டாலருக்கு உட்பட்ட வழக்கும் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் என்ற சின்ன வழக்குக் கோர்ட்டில். திவால் வழக்கு மத்திய நீதிமன்றம், பேசர் என்ற தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் மொத்தம் 30 டாலரைத் தாண்டாவிட்டால் பில்லே வராது. இதில் ஏதாவது கிடைத்தால் தலைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் வாட்ஸாப் குரூப்புக்கு அது தேவையில்லை.

திருமணப் பதிவு பொதுப்பதிவுதான், ஆனால் பாதிப் பேருக்குக் கல்யாணம் ஊரில் நடந்திருக்கும், இங்கே என்ன பதிவு இருக்கப்போகிறது.

வாக்காளர் பட்டியல் குடியுரிமை வாங்கி, பதிவும் செய்தவர்களுக்கு மட்டும். எச்-1பி, கிரீன் கார்டு ஆட்கள் அதில் வரமாட்டார்கள். நகல் வாங்கினால் வியாபார விளம்பரத்துக்குப் பயன்படுத்தமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

6. எழுதிக் கேட்பது, கேட்டாலும் கிடைக்காதது

இணையத்தில் இல்லாத பதிவை டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். நம்மூர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் அண்ணன் என்று சொல்லலாம். அங்கே 30 நாள், இங்கே பத்து வேலை நாளுக்குள் தர வேண்டும், அல்லது எப்போது தருவோம் என்று சொல்ல வேண்டும், மறைக்க விரும்பினால் அதற்குள் மாநிலத் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலிடம் அனுமதி கேட்க வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விசாரிக்கக் கூடாது. சாதாப் பக்கம் 10 சென்ட். 50 பக்கத்துக்கு மேல் போனால்தான் ஆள்கூலி, அது மணிக்கு 15 டாலர். மொத்தம் 40 டாலரைத் தாண்டும் என்றால் முன்கூட்டியே கணக்குச் சொல்ல வேண்டும். நீதிமன்றங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அந்தந்த நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும்.

"இன்னார் எங்கே இருக்கிறார்" என்று கேட்டால் பதில் வராது. இன்ன ஆவணம், இன்ன வருடத்திலிருந்து இன்ன வருடம் வரை என்று கேளுங்கள்.

ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு வழியாக முகவரி கிடைக்காது. 1994ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடுக்கிறது. பிறப்புப் பதிவு 75 வருடத்துக்கும் இறப்புப் பதிவு 25 வருடத்துக்கும் நெருங்கிய உறவினர் அல்லாதவருக்கு மூடியே இருக்கும். இதையெல்லாம் "ஒரு டாலருக்கு எடுத்துத் தருகிறோம்" என்று சொல்லும் ஆள்தேடும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். நான் போனேன். ஒரு டாலர் என்று ஆரம்பித்து மாதாமாதம் முப்பது டாலருக்கு நெருக்கமாகப் பிடித்தார்கள், ரத்து செய்யப் போனில் அரை மணி நேரம் பாட்டுக் கேட்டேன். அவர்கள் தந்த அறிக்கையில் இருந்தது அதே பிளேனோ அபார்ட்மெண்ட்டும், அத்தை பையனுக்கு நான்தான் தம்பி என்ற தகவலும்.

7. முகவரி கிடைத்ததும் காலிங் பெல்லை அழுத்தாதீர்கள்

பத்து வருடம் தொடர்பில் இல்லாதவருக்கு அதற்குக் காரணம் இருக்கலாம். கண்டுபிடிக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது அவர் இஷ்டம். கடிதம் எழுதுங்கள், கையால். யார், என்ன உறவு, என்ன விஷயம், பதிவுகளில் முகவரி கிடைத்தது என்று நேராகச் சொல்லுங்கள். உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள், அவர் நம்பரைக் கேட்காதீர்கள்.

உறையில் உங்கள் முகவரிக்குக் கீழே ஆங்கிலத்தில் "ரிட்டர்ன் சர்வீஸ் ரெக்வெஸ்டெட்" என்று எழுதுங்கள். அவர் வீடு மாறித் தபால் நிலையத்தில் புது முகவரி கொடுத்திருந்தால், முதல் வருடத்துக்குள் போகும் கடிதம் புது முகவரி ஒட்டி உங்களிடமே திரும்பி வரும். சாதாரண முதல் வகுப்புத் தபாலுக்கு இதற்குத் தனிக் காசு இல்லை. கையெழுத்து வாங்கும் சர்டிஃபைட் தபால், ரசீது அட்டையோடு பத்து டாலருக்கு வரும், ஆனால் அதைப் பார்த்தால் எல்லோருக்கும் வக்கீல் நோட்டீஸ் ஞாபகம் வரும், எடுக்காமல் விட்டுவிடுவார்கள். முதலில் சாதாத் தபால் போதும்.

நான் அனுப்பிய கடிதத்துக்குள் தாத்தா வீட்டுத் திண்ணையின் போட்டோ ஒன்றையும் வைத்தேன். பதினொன்றாம் நாள் தெரியாத நம்பரிலிருந்து போன். "திண்ணையில அந்த உடைஞ்ச மூலை இன்னும் அப்படியேவா இருக்கு?" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்.

உங்கள் தேடலும் நிலத்துக்காக என்றால் அடுத்த வேலை பவர் பத்திரம். டெக்சாஸுக்கு ஹூஸ்டன் இந்தியத் துணைத் தூதரகம். வாசகத்தை ஊர் வக்கீலிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிட்டு அப்பாயின்ட்மெண்ட் போடுங்கள். கையெழுத்திட்ட பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், கூரியர் உறையைத் தூக்கி எறியாமல் பத்திரத்தோடு வைத்திருக்கச் சொல்லுங்கள், வந்து சேர்ந்த தேதிக்கு அதுதான் சாட்சி.